எந்தத் தண்ணியில வைக்கிறீங்க? – ராமநாதபுரம் கடலோரச் சமையற்கட்டுகள்

பிப்ரவரி 5, வியாழன். ராமநாதபுரம், கீழக்கரை

விடியற்காலை இறங்கும்போது சால்வை தேவைப்பட்டது. ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் கழுத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பிப்ரவரி தொடக்கத்திலேயே இப்படி என்றால் சித்திரையில் இந்த ஊர்க்காரர்கள் அடுப்படியில் எப்படி நிற்கிறார்கள் என்று பஸ் நிலையத்திலேயே யோசனை வந்துவிட்டது.

வீட்டுச் சமையல் குறிப்புகளைக் கேட்டு எழுதி வைப்பது எனக்குப் பல வருஷப் பழக்கம். நோட்டு முழுக்கக் கொங்குப் பக்கத்துச் சமையல்தான். கடல் ஊர்ச் சமையல் ஒன்றுகூட இல்லை. கீழக்கரைக்காரியான என் தோழி, "நோன்புக்கு முன்னாடி வந்துரு. உம்மாவும் லாத்தாவும் எல்லாம் செஞ்சு வைக்கிற நேரம். கூட நின்னு எழுதிக்கலாம்" என்றாள். உம்மா என்றால் அம்மா, லாத்தா என்றால் அக்கா. கிளம்பி வந்துவிட்டேன்.

கீழக்கரை பஸ் ஏறுமுன் மிளகாய்க் கடை. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குட்டையாக, உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும். புது மிளகாய் வயலில் இப்போதுதான் பழுக்கிறதாம். கடையில் இருந்தது போன வருஷத்துச் சரக்கு. கிலோ 260 சொன்னார். அரைக் கிலோ கேட்டதும் கடைக்காரர் ஒன்றை எடுத்து என் காதருகே ஆட்டினார். உள்ளே விதை கலகலவென்றது. "இப்படிச் சத்தம் வரணும். வரலைன்னா ஈரம் இருக்குன்னு அர்த்தம், பூசணம் பிடிச்சிரும்." வாங்குவேனா மாட்டேனா என்று தெரியாமலேயே நாலைந்து மிளகாயைக் காதில் ஆட்டிக் காட்டிய மனிதர். ஒரு கிலோவாக வாங்கிக்கொண்டேன்.

கீழக்கரை அங்கிருந்து 17 கிலோமீட்டர். வள்ளல் சீதக்காதி வாழ்ந்த ஊர். வீட்டுக்குள் கால் வைத்ததும் தோழியின் உம்மா கேட்டது, "பசியாறுனியா பிள்ளை?" பதில் வருமுன்னே ஒரு சொம்புத் தண்ணீர் கைக்கு வந்தது. குடித்தேன். "நல்ல தண்ணிதான், பயப்படாம குடி" என்றார்.

அப்புறம்தான் அடுப்படியைப் பார்த்தேன். சுவரோரம் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக. பச்சையும் மஞ்சளும் நல்ல தண்ணீர். நீலம் உப்புத் தண்ணீர். நிலத்தடி நீர் இந்தக் கரையில் பெரும்பாலும் உப்பு. காவிரியிலிருந்து குழாய் வழியாக வரும் கூட்டுக் குடிநீர் எல்லா நாளும் வருவதில்லை. மீதிக்கு வண்டித் தண்ணீர். குடம் 12 ரூபாய். கோயமுத்தூரில் சிறுவாணி குடித்து வளர்ந்த எனக்கு, சமைக்கும்போது தண்ணீரை ஒரு சாமானாக எண்ணிப் பார்த்த நினைவே இல்லை. இங்கே முதலில் எடுத்து வைக்கும் சாமானே அதுதான். எதற்கு எந்தத் தண்ணீர் என்று உம்மா விரல் விட்டுச் சொன்னார். அரிசி களைய உப்புத் தண்ணீர், கடைசிக் கழுவல் நல்ல தண்ணீர். பருப்புக்கும் டீக்கும் நல்ல தண்ணீர் மட்டும். "உப்புத் தண்ணியில பருப்பு மலராது, கல்லாட்டம் கிடக்கும். பால் ஊத்துனா திரிஞ்சு போகும்."

மதியம் தேங்காய்ச் சோறு, கறியாணம் என்கிற கறிக்குழம்பு, கத்தரிக்காய்ப் பச்சடி, பொரித்த சீலா மீன். பெரிய சஹன் தட்டைச் சுற்றிப் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்தோம். எனக்கு முன்னால் இருந்த கறித்துண்டு தீரத் தீர, யார் கை என்று தெரியாமலேயே அடுத்த துண்டு அங்கே வந்து சேர்ந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி. கீழக்கரை

காலையில் இடியாப்பமும் வட்டிலப்பமும். வட்டிலப்பத்தில் இருப்பது முட்டை, கெட்டித் தேங்காய்ப்பால், சர்க்கரை, ஏலக்காய், அவ்வளவுதான். ஆனால் முட்டைக் கவிச்சி துளிகூட இல்லை. லாத்தாவைக் கேட்டேன். கலக்கியதைத் துணியில் வடிகட்டி, நுரை அடங்கும்வரை விட்டுவிட்டுத்தான் அவிக்க வேண்டுமாம். மூடியில் துணி கட்டாவிட்டால் ஆவித் தண்ணீர் சொட்டி நடுவில் குழி விழும். இந்தக் குழியை நான் எங்கள் வீட்டில் பல முறை பார்த்திருக்கிறேன்; காரணம் இன்றைக்குத்தான் கிடைத்தது.

இன்றைய பெரிய வேலை தொதல். எட்டு மணிக்கு அடுப்புப் பற்ற வைப்பதாக ஏற்பாடு. ஆனால் தண்ணீர் வண்டி வரவில்லை. ஒன்பதானது, பத்தானது. தெருவில் குடங்கள் மட்டும் வரிசையில் நின்றன. வீட்டில் இருந்த நல்ல தண்ணீர் சோற்றுக்கும் குடிக்கவும்தான் காணும். கருப்பட்டி கரைக்க உப்புத் தண்ணீர் ஆகாது என்று உம்மா பிடிவாதமாக இருந்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பிய பிறகுதான் வண்டி வந்தது. அதற்குள் எதிர்வீட்டுப் பெண் கேட்காமலேயே இரண்டு குடம் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார்.

தொதல் கீழக்கரையின் பேர்பெற்ற இனிப்பு. இலங்கையிலும் உண்டு, மலேசியா, இந்தோனேசியாவில் தோடோல் என்று இதன் உறவு ஒன்று இருக்கிறது. கப்பல் போய் வந்த கரைகளுக்கெல்லாம் பொதுவான பண்டம் என்று சொல்லலாம்.

அரைக் கிலோ பச்சரிசியை ஊறவைத்து இடித்த மாவு. ஐந்து தேங்காய். ஒன்றேகால் கிலோ கருப்பட்டி. முந்திரி, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. எண்ணெயோ நெய்யோ கிடையாது. கருப்பட்டியை நல்ல தண்ணீரில் கரைத்து வடிகட்டியபோது துணியில் ஒரு கரண்டி மண் நின்றது. முதல் பாலைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, இரண்டாம் மூன்றாம் பாலில் மாவைக் கரைத்துப் பெரிய வாணலியில் ஊற்றி விறகடுப்பில் ஏற்றினார்கள்.

அப்புறம் கிண்டுவதுதான். முதல் அரை மணி நேரம் வெறும் பழுப்புக் கஞ்சி. பிறகு மாவு வெந்து, துடுப்பைப் பிடித்து இழுக்கத் தொடங்கியது. கெட்டிப் பால் ஊற்றியதும் மறுபடி இளகியது. மறுபடி இறுகியது. நான் பத்து நிமிஷம் கிண்டினேன், தோள்பட்டை விட்டுப்போனது. லாத்தா வாங்கிக் கிண்டினார். பிறகு எதிர்வீட்டுப் பெண், பிறகு அவர் மகள். இரண்டு மணி நேரம் தாண்டியதும் வாணலி ஓரத்தில் முதல் எண்ணெய்த் துளி கசிந்தது. தேங்காய்ப்பால் தன் எண்ணெயைக் கக்குகிறது. கொஞ்ச நேரத்தில் மொத்த உருண்டையும் கறுத்து மினுமினுத்து, ஒட்டாமல் ஒரே துண்டாய்ப் புரண்டது. உம்மா விரலை நனைத்து ஒரு சின்ன உருண்டை எடுத்து உருட்டிப் பார்த்தார். கையில் ஒட்டவில்லை. "இறக்கு" என்றார். கசிந்த எண்ணெயை வடித்து எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதில் ஏலமும் கருப்பட்டியும் மணக்கும், பணியாரத்துக்கு ஆகுமாம்.

இதற்கிடையே அடுப்படியில் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் கருப்பட்டி வேண்டாம், சீனிதான் சரி, நிறம் அழகாய் வரும் என்றார். இன்னொருவர் அவர்கள் தெருவில் ஜவ்வரிசி சேர்ப்பதாகச் சொன்னார். "சீனியில செஞ்சா அது அல்வா" என்று உம்மா ஒரே வார்த்தையில் முடித்தார். ஆனால் அவர்கள் சொன்னதையும் நான் எழுதுகிறேனா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். "எல்லாத்தையும் எழுது. விட்டுட்டா நாளைக்கு என்னையத்தான் கேப்பாளுக." தன் பக்குவம்தான் உசத்தி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அளவைக் குறைத்தோ, ஒரு சாமானை மறைத்தோ யாரும் சொல்லவில்லை. எத்தனையோ ஊர்களில் "அது கைப்பக்குவம்" என்று சிரித்தே தட்டிக்கழித்த பாட்டிகளைப் பார்த்த எனக்கு இது பெரிய விஷயம்.

இரவு, நோன்புக் கஞ்சிக்கான நொய்யும் பாசிப்பருப்பும் வெந்தயமும் கலந்து டப்பாவில் அடைத்தோம். இந்த வீட்டில் கஞ்சியில் வாசனைக்கு ரம்பை இலை போடுவார்கள். கொல்லையில் தொட்டியில் வளர்கிறது. அதற்கும் நல்ல தண்ணீர்தான் ஊற்றுகிறார்கள்.

பிப்ரவரி 7, சனி. பாம்பன்

பாலத்தில் பஸ் ஏறியதும் காற்று ஜன்னல் வழியே உள்ளே விழுந்தது. பக்கத்தில் 1914ஆம் வருஷத்து ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலமும். எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து படம் எடுத்தார்கள். கண்டக்டர் பொறுமையாக, "உக்காந்து எடுங்கம்மா, பாலம் எங்கயும் போகாது" என்றார்.

தோழிக்குத் தெரிந்த ஒரு மீனவர் வீடு. அந்த அக்கா கடற்பாசி எடுக்கிறவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் பாசிக்குப் போவார்கள். பௌர்ணமி முடிந்து வாரமாகிவிட்டதால் வீட்டில் இருந்தார். பாறையில் பாசி பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் தழும்பு. துணி சுற்றிக்கொண்டுதான் பறிப்பார்களாம். அந்த விரல்களால் காரல் மீனை அவர் ஆய்ந்த வேகத்துக்கு என் கண் ஈடுகொடுக்கவில்லை.

காரல் விரல் நீளம்தான். வெள்ளி மினுக்கம், உடம்பெல்லாம் முள். கடையில் கூறு 50 ரூபாய். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற இதைத்தான் கொடுப்பார்கள். அக்கா செய்தது காரல் சொதி. ஆய்ந்த மீனை வாளியில் கொண்டுவந்திருந்த கடல்தண்ணீரில் கழுவினார். நான் குடத்தைப் பார்த்ததும் சொன்னார்: "கடல் மீனை நல்ல தண்ணியில ஊறவிட்டா சப்புன்னு போயிரும் தங்கச்சி. கடைசியா ஒரு அலசு போதும்."

சின்ன வெங்காயம், பூண்டு, கீறின பச்சை மிளகாய், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை. எல்லாவற்றையும் இரண்டாம் தேங்காய்ப்பாலில் போட்டுக் கொதிக்கவிட்டு, மீனைப் போட்டார். ஐந்து நிமிஷம். கெட்டிப் பால் ஊற்றி ஓரம் நுரைத்ததும் இறக்கிவிட்டார். எலுமிச்சை பிழிந்தது இறக்கிய பிறகு, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும். சூட்டில் பிழிந்தால் திரியும், கசக்கும். தாளிப்பு இல்லை. மிளகாய்த் தூள் இல்லை. சோற்றில் ஊற்றி, முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்து, ரசம் குடிப்பதுபோல் குடித்தேன். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், தொதலைவிட இதுதான் என்பேன்.

கிளம்பும்போது கைப்பிடி காய்ந்த கஞ்சிப்பாசி கொடுத்தார். நல்ல தண்ணீரில் உப்பு போகப் பலமுறை அலசி, கரையக் காய்ச்சி, வடிகட்டி, தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்து ஆறவிட்டால் உறையும். நோன்பு திறக்க ஊரெல்லாம் காய்ச்சும் கடற்பாசி, கடையில் வெள்ளை நாராக விற்பது, இந்த மாதிரிப் பாசிகளிலிருந்து எடுக்கும் அகர்தான். கடைக்குப் போகுமுன் அது எந்த விரல்களில் ஏறி இறங்குகிறது என்பதை இனி மறக்க முடியாது. பணம் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "உங்க ஊர்ச் சமையல் ஒண்ணு சொல்லிட்டுப் போங்க" என்றார். அரிசிம்பருப்புச் சோறு சொன்னேன். பருப்புக்கு எவ்வளவு தண்ணீர் என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

ராத்திரி ராமேசுவரத்தில் ஒரு விடுதி. அறைக்கு 1,600. குழாயில் வந்தது உப்புத் தண்ணீர்; சோப்பு நுரைக்கவில்லை. அறைக்கு வந்த டீ பாதி திரிந்திருந்தது. உம்மா சொன்னது சரி.

பிப்ரவரி 8, ஞாயிறு. தனுஷ்கோடி

காலையில் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடினேன். கட்டணம் 25 ரூபாய். வாளி வாளியாக ஊற்றியதில் சில கிணறு உவர்ப்பு, சில கிணறு நல்ல தண்ணீர். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. எப்படி என்று ஆச்சரியமாக இருந்தது. பதில் தனுஷ்கோடியில் கிடைத்தது.

1964 டிசம்பர் புயல் அழித்த ஊர். இடிந்த தேவாலயத்தைச் சுற்றி ஒரே கூட்டம், கடைகள், சங்கு மாலைகள். பொரித்த மீன் துண்டு 150, முழுப் பாறை மீன் 400. வாங்கிச் சாப்பிட்டேன், நிறப்பொடிதான் நாக்கில் நின்றது. கூட்டத்தைத் தாண்டி ஓலைக் குடிசைகள் பக்கம் நடந்தபோது, ஒரு ஆத்தா மணலில் குழிக்குள் உட்கார்ந்து சிரட்டையால் தண்ணீர் மோந்துகொண்டிருந்தார். குழி இடுப்பளவுதான். குடத்தின் வாயில் துணி கட்டியிருந்தது. "குடிச்சுப் பாரு தாயி" என்று சிரட்டையை நீட்டினார்.

உப்பே இல்லை. லேசான மண் மணம். முதல் நாள் கீழக்கரையில் குடித்ததைவிட நன்றாக இருந்தது. கடல் அங்கிருந்து எட்டிவிடும் தூரம்.

மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கனமான கடல்நீரோடு சட்டென்று கலந்துவிடாமல் அதன் மேல் மிதந்து நிற்கிறது. அதனால் ஆழமாய்த் தோண்டக் கூடாது. "பேராசைப்பட்டுத் தோண்டுனா உப்பு ஏறிரும். ஊற ஊற மோக்கணும்" என்றார் ஆத்தா. ஒரு குடம் நிரம்ப அரை மணி நேரம் ஆனது. நானும் மோந்தேன்.

அந்தத் தண்ணீரில் அவர் வைத்த சூடை மீன் குழம்பு. ஞாயிறு காலை ராமேசுவரம் துறையில் விசைப்படகு மீன் நிறைய வரும். சனிக்கிழமை போன படகுகள். ஆனால் இது அவர் மகன் கரைவலையில் எடுத்தது. முண்டு மிளகாய் எட்டு, ஒரு கை மல்லி, சீரகம், சின்ன வெங்காயம், அம்மியில் மை போல. தக்காளி கிடையாது. எலுமிச்சை அளவு புளி. மண்சட்டியில் எல்லாம் கரைத்துக் கொதித்து, பச்சை வாசனை போய், மேலே எண்ணெய் மிதந்ததும் மீன். சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று. நான் என் பையில் இருந்த மிளகாயைக் காட்டினேன். அவரும் ஒன்றை எடுத்துக் காதில் ஆட்டிப் பார்த்து, "நல்ல மொளகாதான்" என்றார். காரம் உச்சந்தலைக்கு ஏறியது. மூக்கைத் துடைத்துக்கொண்டே மூன்றாவது முறை சோறு வாங்கினேன். மாலைக்குள் வண்டிகளை வெளியேற்றிவிடுவார்கள் என்று அவரே அவசரப்படுத்தி அனுப்பி வைத்தார்.

பிப்ரவரி 9, திங்கள். சாயல்குடி

உடம்பு அசதி. பஸ்ஸும் ஏர்வாடி தாண்டி நின்றுவிட்டது. ஏதோ பெல்ட் அறுந்ததாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்திருந்தோம். யாரும் சத்தம் போடவில்லை. வாலிநோக்கத்துக்காரப் பெண் ஒருவர் தூக்குச்சட்டியைத் திறந்து புளிச்சோறும் சுட்ட கருவாடும் பங்கு வைத்தார். கணவர் உப்பளத்தில் வேலை. கருவாட்டைச் சுட்டதும் தட்டி உப்பை உதறிவிட்டு, ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவியிருந்தார். முன்பின் தெரியாத ஆளுக்குப் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தார்.

சாயல்குடியில் பனைமரங்கள் கண்ணுக்கெட்டிய வரை. பதநீர் இன்னும் சரியாக இறங்கவில்லை. பனங்கிழங்குக் காலமும் முடியப் போகிறது. பனையேறி வீட்டுப் பாட்டி ஒருவர் கடைசிக் கட்டு என்று 25 கிழங்கை 100 ரூபாய்க்குக் கொடுத்தார். கருப்பட்டி கிலோ 400. உடைத்துக் காட்டினார், உள்ளே கறுப்பும் பழுப்புமாய், மினுக்கம் இல்லாமல் இருந்தது. சீனி கலந்தால் படிகம் பளபளக்குமாம்.

கிழங்கை எந்தத் தண்ணீரில் அவிப்பது என்று இந்த முறை நானே முதலில் கேட்டேன். பாட்டி கிணற்றைக் காட்டினார். உப்புக் கிணறு. "இதுலதான் அவிக்கணும். உப்பும் மஞ்சளும் நாருக்குள்ள இறங்கும். நல்ல தண்ணியை இதுக்கு யாரு செலவழிப்பா?" அவித்ததை நார் உரித்து, நடு நரம்பை எடுத்துவிட்டு, வட்டமாய் நறுக்கி வெயிலில் காயவைத்து இடிப்பார். அந்த மாவில் வறுத்த முண்டு மிளகாய், பூண்டு, சீரகம், தேங்காய்த் துருவல் சேர்த்து மறுபடி இடித்து உருண்டை பிடிப்பார். ஒன்று கொடுத்தார். உறைப்பு, உவர்ப்பு, பின்னால் கிழங்கின் இனிப்பு.

எங்கள் ஊர்த் தண்ணீரில் உப்பு இல்லையே என்றேன். கொஞ்சம் யோசித்து, "அப்ப 25 கிழங்குக்கு ரெண்டு கை கல்லுப்புப் போடு. தண்ணி கிழங்கு மேல நாலு விரக்கடை நிக்கணும். ஒரு மணி நேரம். அந்தத் தண்ணியிலயே ஆறவிடு, உடனே வடிச்சிராத" என்றார். தேங்காய் சேர்க்காத மாவு என்றால் பாட்டிலில் மாசக்கணக்கில் இருக்கும். ஈரக் கரண்டி படக் கூடாது. எழுதிக்கொண்டேன். கிழங்குக் கட்டு பஸ்ஸில் என் மடியிலேயே வந்தது. நாளைக்குக் காலையில் அவிக்க வேண்டும். இன்னும் இரண்டு நாள் விட்டால் நார் ஏறிவிடும் என்று பாட்டி சொல்லியிருக்கிறார்.